யாரை அழைக்க மறந்தோம்

மெல்பேர்ண்
8.2.1976

அன்புத் தங்கை நாகேஸ்வரிக்கு,

நான் நல்ல சுகம். நீயும் கணேசலிங்கமும் பிள்ளை யோகாவும் அப்படியே இருக்க நல்லூரான் பார்த்துக்கொள்வான். உன் கால்வீக்கம் வற்றிவிட்டதா? உப்பைக் குறைக்கச் சொன்னேனே, குறைத்தாயா?

அவர் போய் ஒரு வருடம், ஆட்டைத் திவசம் போன மாதம் முடிந்தது. இங்கே ஐயர் இல்லை. கிளேட்டனில் இருக்கும் நம்மவர்கள் சிலர் வந்து தேவாரம் பாடினார்கள். நான் சமைத்துப் படைத்தேன். தைப்பொங்கலுக்கும் அவர்கள் வீட்டில்தான் எல்லோரும் கூடினோம். பூசை நேரம் நான் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றேன். கழுவ நிறைய இருந்தது.

வீடு மாறிவிட்டேன். இருவருமாக இருந்த வீட்டில் தனியே இருக்க முடியவில்லை. இது பலக்லாவா என்ற இடம். ஒரு வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறை. கீழே வீட்டுக்காரி மாக்டா இருக்கிறாள். ஹங்கேரி நாட்டு யூதப் பெண், என்னைவிட நன்றாக மூத்தவள். யுத்தத்தில் தாய், தகப்பன், சகோதரர் எல்லோரையும் பறிகொடுத்துவிட்டுப் புருசனோடு இங்கே வந்து சேர்ந்தவள். அந்தப் புருசனும் போன குளிர்காலத்தில் போய்விட்டார். தையல் இயந்திரம் திருத்துகிற கடை வைத்திருந்தாராம். ஒரே மகள் நயோமி பள்ளிக்கூட ஆசிரியை. தனியாக வேறு இடத்தில் இருக்கிறாள்.

மாலையில் நான் வேலையால் வந்து படியேறும்போது மாக்டா கதவைத் திறந்து, "தேநீர்?" என்று மட்டும் கேட்பாள். அவளுக்கு ஆங்கிலம் இன்னும் வசப்படவில்லை. எனக்குப் பேச மனம் இல்லை. அதனால் எங்களுக்குள் நன்றாக ஒத்துப்போகிறது.

யோகாவுக்குப் பேசிய சம்பந்தம் என்னவாயிற்று? கலியாணம் என்றால் முதல் ஆளாக வந்து நிற்பேன். அலுவலகத்தில் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன். எங்கள் தட்டச்சுப் பிரிவின் பெரியவர், எந்த மாதமானாலும் போய் வா என்கிறார்.

உன் பதிலுக்குப் படலையைப் பார்த்திருக்கும்,
அக்கா சத்தியபாமா


கொக்குவில்
27.2.1976

பாசமுள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கண்டு ஆறுதல். நாங்கள் எல்லோரும் சுகம். கால்வீக்கம் வற்றிவிட்டது, உப்பைக் குறைத்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

நல்ல செய்தி. யோகாவின் கலியாணம் சரிவந்துவிட்டது. பொடியன் சிறிதரன், வவுனியாவில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் என்ஜினியர். தாய் தகப்பன் வட்டுக்கோட்டையில். சாதகம் நல்ல பொருத்தம். ஆவணியில் நாள் பார்த்திருக்கிறோம். மிகவும் ஆசாரமான குடும்பம். சடங்கில் ஒன்றும் பிசகக் கூடாது என்று சம்மந்தியம்மா வந்த அன்றே இரண்டு தரம் சொன்னா. யோகாவுக்குப் பொடியனைப் பிடித்திருக்கிறது. கேட்டால் தலையைக் குனிந்து சிரிக்கிறாள், பிறகு என்னுடன் சண்டை பிடிக்கிறாள்.

அக்கா, ஆவணி வெயில் பொல்லாதது. கலியாண அமளிக்குள் வந்தால் உங்களோடு இருந்து இரண்டு வார்த்தை பேசக்கூட எனக்கு நேரம் கிடைக்காது. மார்கழியில் ஆறுதலாக வாருங்கோ. அப்போது மருமகனும் லீவில் வருவார், எல்லோரும் சேர்ந்து இருக்கலாம். இவரும் அதுதான் நல்லதென்கிறார்.

குளிருக்கு உடம்பைக் கவனியுங்கோ. பச்சைத் தண்ணீரில் தலை முழுக வேண்டாம்.

தங்கை
நாகேஸ்


மெல்பேர்ண்
14.3.1976

அன்புள்ள நாகேசுக்கு,

யோகாவின் செய்தி வாசித்து மனம் குளிர்ந்தது. பிள்ளை நல்லாயிருக்கட்டும். எனக்கு ஒரு குறையும் இல்லை, சுகமாயிருக்கிறேன்.

மார்கழிதான் எனக்கும் வசதி. ஆவணியில் எங்கள் அலுவலகத்தில் விடுப்புக் கிடைப்பது கடினம். கூறை என்ன நிறம் எடுக்கப் போகிறீர்கள்?

இப்போது எனக்குப் புதிதாக ஒரு வேலை. மாக்டாவின் மகள் நயோமி ஞாயிற்றுக்கிழமைகளில் தோழிகள் சிலரோடு தாயைப் பார்க்க வருவாள். அவர்கள் சேர்ந்திருக்கும் செபக்கூடத்தில் ஆணும் பெண்ணும் ஒன்றாக இருந்துதான் கும்பிடுகிறார்கள். சித்திரையில் அவர்களுக்குப் பாஸ்கா வருகிறது. எகிப்தில் அடிமைப்பட்டுக் கிடந்தவர்கள் விடுதலையாகி வெளியேறிய நாள். அன்று மாலை கோயிலில் அல்ல, வீட்டு மேசையைச் சுற்றி இருந்து, அந்தக் கதையைப் புத்தகத்திலிருந்து வாசித்து, செபம் சொல்லிச் சாப்பிடுவார்களாம். பழைய புத்தகத்தில் தகப்பன்மாரும் ஆண்பிள்ளைகளும்தான் பேசுகிறார்கள், பிறக்கும் பிள்ளைகளைக் கொல்ல அரசன் சொன்னபோது கொல்லாமல் காத்த மருத்துவிச்சிகள் எங்கே, தாய்மார் எங்கே என்று இந்தப் பெண்கள் கேட்கிறார்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை, புதிதாகச் செபங்கள் எழுதுகிறார்கள். நான் தட்டச்சுக்காரி என்று அறிந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். மாக்டாவின் குசினி மேசையில் இயந்திரத்தை வைத்து, பல படி எடுக்க ஸ்டென்சில் அடித்துக் கொடுக்கிறேன்.

மாக்டாவுக்கு இதில் ஈடுபாடு இல்லை. "மேசையின் தலைமாட்டில் ஆண்பிள்ளை இருந்து நடத்துவது. அவர் இல்லை. எனக்கு இனிப் பாஸ்காவும் இல்லை," என்று சொல்லிவிட்டாள். ஆனால் நான் ஒரு பெயரைப் பிழையாக அடித்தால் அடுப்படியில் நின்றபடியே திருத்துகிறாள்.

யோகாவுக்கு என் ஆசீர்வாதம் சொல்.

அக்கா
பாமா


கொக்குவில்
30.3.1976

அன்பான அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீங்களும் சுகமென்று நம்புகிறேன்.

கூறை அரக்கு நிறம். சம்மந்தியம்மாவின் விருப்பம். பந்தலுக்கும் மேளத்துக்கும் இவர் சொல்லிவிட்டார். தலையில் அறுகரிசி போட்டு வாழ்த்தும் முறை, ஆலாத்தி எடுப்பவர்கள் யார் யார் என்பதெல்லாம் இப்போதே பேசி முடிவாகிவிட்டது. யோகா நாள்தோறும், "பெரியம்மா எப்ப வாறா?" என்று கேட்கிறாள். மார்கழி என்று சொல்லியிருக்கிறேன். தன்னைத் தூக்கி வளர்த்த பெரியம்மா இல்லாமல் என்ன கலியாணம் என்று முகத்தைத் தூக்குகிறாள். சின்னப்பிள்ளை, விளங்காது.

அக்கா, அந்தப் பிள்ளைகளுக்குச் செபம் அடித்துக் கொடுப்பதில் பிழையில்லை. ஆனால் நீங்கள் உங்கள் அறையில் விளக்கு வைத்துக் கும்பிடுகிறீர்களா? முந்தி எழுதும்போதெல்லாம் அதைப் பற்றி ஒரு வரி இருக்கும். இப்போது ஒரு வருடமாக இல்லை. சுவாமிப் படங்களைப் பெட்டிக்குள் வைத்துவிட்டீர்களா?

வேறு விசேடமில்லை.

உங்கள்
நாகேஸ்


மெல்பேர்ண்
18.4.1976

அன்புத் தங்கைக்கு,

புது வருட வாழ்த்துகள். நான் சுகம். இங்கே ஈஸ்டர் விடுமுறை, கடை தெரு எல்லாம் பூட்டிக் கிடக்கிறது. நேரம் இருப்பதால் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள். விளக்கைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதற்கும் இதில் பதில் இருக்கிறது.

எங்கள் வருடம் பிறந்த கையோடு, புதன்கிழமை மாலை, அவர்களின் பாஸ்கா வந்தது. தாய் தனியே இருக்கக் கூடாதென்று நயோமி பிடிவாதமாக இந்த வீட்டிலேயே மேசையைப் போட்டாள். அவளும் தோழிகளும், ஒரு தோழியின் கணவரும் குழந்தையும், நானும். மாக்டா இரண்டு நாளாகச் சமைத்தாள். "சமைப்பேன். மேசைக்கு வரமாட்டேன்," என்று முன்பே சொல்லிவிட்டாள்.

பொழுதுபடும் நேரம் முதலில் விளக்கு. வீட்டுப் பெண்தான் ஏற்ற வேண்டும். மாக்டா இரண்டு மெழுகுதிரி ஏற்றி, கையால் சுடரை மூன்று முறை தன் பக்கமாக அணைத்து, கண்ணை மூடிச் செபம் சொன்னாள். பிறகு தீப்பெட்டியை என்னிடம் நீட்டினாள்.

"நீயும் ஏற்று. நீயும் இந்த வீட்டுப் பெண்தானே."

நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். "மாக்டா, எனக்குக் கணவர் இல்லை."

"எனக்கும்தான் இல்லை."

எங்கள் வழக்கத்தை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். நல்ல காரியத்தில் நாங்கள் முன்னுக்கு நிற்பதில்லை, எதையும் தொட்டு எடுத்துக் கொடுப்பதில்லை என்றேன். அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள். எனக்கு ஆங்கிலம் பிழைத்துவிட்டதாக நினைத்தாள் போல. நயோமியைக் கூப்பிட்டு அவர்கள் மொழியில் ஏதோ விசாரித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "அவர் போனதும் வீடு இருண்டு போய்விட்டது. இப்போதுதானே விளக்கு வேண்டும்," என்றாள்.

ஏற்றினேன். அவர் போனபிறகு நான் ஏற்றிய முதல் விளக்கு அது. படங்கள் பெட்டிக்குள்தான் இருந்தன, நீ சரியாகத்தான் நினைத்தாய்.

மாக்டா குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நாங்கள் வாசிக்கத் தொடங்கினோம். ஆளுக்கு ஒரு பகுதி, தலைவர் என்று ஒருவரும் இல்லை. அவர்கள் நாட்டில் அந்தப் பண்டிகை வசந்த காலத்தில் வருவது. இங்கே வீதியெல்லாம் இலை உதிர்ந்து கிடக்கிறது. அதனால், "இலை உதிரும் நாட்டில் இருந்துகொண்டு விடுதலையைக் கேட்கிறோம்," என்று இந்தப் பெண்கள் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். அடிமைகளின் கண்ணீருக்காக உப்புத்தண்ணீர். கசப்புக்காகக் காரமான ஒரு கிழங்கைத் துருவி வைத்திருந்தார்கள். எல்லோரும் கண்ணைக் கசக்கினார்கள், நான் இன்னும் கொஞ்சம் வாங்கினேன்.

ஓரிடத்தில், இந்த மேசையில் இருந்திருக்க வேண்டிய ஒருவரின் பெயரை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். நானே அடித்த பக்கம்தான். ஆனாலும் என் முறையும் வரும் என்று யோசிக்கவில்லை. இத்தனை வருட வாழ்க்கையில் அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை, உனக்குத் தெரியும். சொன்னேன், நாகேஸ். எல்லோரும் அதைத் திருப்பிச் சொன்னார்கள், ஆளுக்கொரு விதமாகப் பிழையாக. அவர் இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

அந்தப் புத்தகத்தில் குழந்தை கேட்கும் நாலு கேள்வி காலங்காலமாக உள்ளது. நயோமி ஆட்கள் அதோடு இன்னொன்று எழுதிச் சேர்த்திருந்தார்கள். "இந்த மேசைக்கு யாரை அழைக்க மறந்தோம்?" அதை வாசித்துவிட்டுச் சிறிது நேரம் எல்லோரும் பேசாமல் இருக்க வேண்டும். அந்த அமைதியில் உள்ளே மாக்டா பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

எனக்கு அதற்குமேல் இருக்க முடியவில்லை. எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். "அதை வையுங்கோ, வந்து இருங்கோ," என்றேன். அவசரத்தில் தமிழில் சொல்லிவிட்டேன். அவளுக்கு விளங்கியது. சவர்க்கார நுரையோடு கையைப் பிடித்து வந்து, அவளுடைய புருசனின் கதிரையில் இருத்தினேன். முதலில் அதன் விளிம்பில்தான் இருந்தாள். பிறகு நன்றாகச் சாய்ந்து இருந்து, புத்தகம் இல்லாமலே, பழைய பாட்டொன்றைத் தொடங்கினாள். நயோமி மேசையில் தலையை வைத்து அழுதாள். பாட்டு முடியும்வரை தாய் நிறுத்தவில்லை.

படங்களை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். இப்போது மாலையில் விளக்கு வைக்கிறேன்.

கலியாண வேலைகளில் உடம்பை முறித்துக்கொள்ளாதே. யோகாவுக்கு முத்தம்.

என்றும்
பாமா அக்கா


மெல்பேர்ண்
23.5.1976

அன்புள்ள நாகேசுக்கு,

என் கடிதம் கிடைத்ததா? ஒரு மாதத்துக்கு மேலாகப் பதில் இல்லை. எல்லோரும் சுகம்தானே? கால் திரும்ப வீங்கிவிட்டதா?

நான் எழுதியதில் ஏதும் மனம் நொந்திருந்தால் மன்னித்துவிடு. அது இந்த ஊர்ச் சங்கதி. இங்கே நடந்ததை எழுதினேன், அவ்வளவுதான்.

இரண்டு வரி என்றாலும் போடு.

பாமா


கொக்குவில்
4.6.1976

என் பெரியம்மாவுக்கு,

யோகா எழுதுகிறேன். அம்மாவின் கால் நல்லாயிருக்கிறது. அதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம்.

உங்கள் கடிதம் வந்த அன்று அம்மா அதை முற்றத்தில் நின்றபடியே வாசித்தா. பிறகு உள்ளே போய் இருந்து இன்னொருதரம் வாசித்தா. அப்பா, "என்னவாம் அக்கா?" என்று கேட்டார். "சுகமாம்," என்றா. அன்றைக்குச் சோறு அடிப்பிடித்துவிட்டது. அதன்பின் அம்மா கலியாணத்தைப் பற்றி ஒன்றும் சந்தோசமாகக் கதைக்கிறா இல்லை. சம்மந்தி வீட்டு ஆட்கள் வந்தால் சிரிக்கிறா, போனதும் குசினிக்குள் போய்விடுகிறா.

கடிதத்தை நானும் வாசித்தேன். பெரியம்மா, மார்கழி என்று ஏன் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். நீங்கள் இருவரும் வெயில் என்றும் லீவு என்றும் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்குச் சடை பின்னிவிட்டதும், அம்மை போட்டபோது பக்கத்தில் படுத்ததும் நீங்கள். என் தலையில் நீங்கள் அறுகரிசி போடக் கூடாதென்றால் வேறு யார் போட்டு எனக்கு என்ன வரப்போகிறது?

அம்மாவோடு சண்டை பிடிக்கப் போகிறேன். நீங்கள் வர வேண்டும்.

உங்கள் பிள்ளை
யோகா


மெல்பேர்ண்
22.6.1976

என் செல்லம் யோகாவுக்கு,

நான் சுகம். உன் கடிதத்தை எத்தனை தரம் வாசித்தேன் என்று சொல்ல மாட்டேன்.

அம்மாவோடு சண்டை பிடிக்காதே. இது பெரியம்மாவின் கட்டளை. பெண்ணைப் பெற்றவளுக்கு எத்தனை பக்கம் பார்க்க வேண்டியிருக்கும் என்பது உனக்கு இப்போது தெரியாது. நாளைக்கு நீ வாழப்போகிற வீடு அது. வாசலில் கால் வைக்குமுன் உன் பெயரில் ஒரு சொல் வரக் கூடாது. அம்மா என்னைத் தள்ளி வைக்கவில்லை, உன்னைப் பொத்திப் பிடித்திருக்கிறாள். இரண்டையும் ஒன்றாகச் செய்ய அவளுக்கு இரண்டு கைதான் இருக்கிறது.

போன சனிக்கிழமை மாக்டாவோடு அவர்களின் செபக்கூடத்துக்குப் போனேன். அவள் புருசனுடைய ஆண்டு நினைவு. இறந்தவருக்காக எழுந்து நின்று சொல்லும் செபம் ஒன்று உண்டு. மாக்டா பிறந்த ஊரில் அதை ஆண்பிள்ளைகள்தான் சொல்வார்களாம். ஆண்பிள்ளை இல்லாதவருக்கு வேறு ஒருவரைப் பிடித்துச் சொல்விப்பார்களாம். இங்கே, "துக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து நிற்கலாம்," என்றுதான் கூப்பிட்டார்கள். மாக்டா என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். புருசனுக்காக மட்டும் அல்ல, யுத்தத்தில் போன தகப்பனுக்கும் தம்பிமாருக்கும் சேர்த்து முதல் தடவையாகத் தன் வாயால் சொன்னாள். வெளியே வந்ததும், "எனக்குப் பசிக்கிறது," என்றாள். இருவரும் கார்லைல் வீதியில் கேக் சாப்பிட்டுவிட்டு நடந்து வந்தோம்.

ஆவணியில் உன் முகூர்த்த நேரத்தில் நான் இங்கே விளக்கேற்றிக் கும்பிடுவேன். அது உனக்கு வந்து சேரும். சந்தோசமாக இரு.

பெரியம்மா


கொக்குவில்
9.7.1976

அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் ஆவணிக்கு வாருங்கோ. பயணத்துக்கு இன்றைக்கே ஆயத்தம் செய்யுங்கோ.

நேற்று நானும் இவரும் வட்டுக்கோட்டைக்குப் போனோம். தாலிக்குப் பொன்னுருக்கும் நாளைப் பற்றிப் பேசத்தான் போனது. பேசி முடிந்து தேத்தண்ணி வந்தது. நான் கையில் எடுக்கவில்லை. சம்மந்தியம்மாவைப் பார்த்துச் சொன்னேன்:

"என்ரை அக்கா அவுஸ்திரேலியாவிலை இருந்து வாறா. யோகாவைத் தூக்கி வளர்த்தது அவதான். அறுகரிசி போட அவவை மேடைக்குக் கூப்பிடுவன். எங்கடை பக்கத்திலை முதல் ஆளா. பிறகு ஒரு கதை வரக்கூடாது எண்டு இப்பவே சொல்லிப் போட்டன்."

சம்மந்தியம்மா, "ஆர், புருசன் தவறினவவோ?" என்று கேட்டா.

"ஓம்," என்றேன்.

இவர் கதிரையில் அசைந்தார். என்னைப் பார்த்தார். சம்மந்தியம்மா வெளியே வேலியைப் பார்த்தா. பிறகு, "தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ," என்றா. ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வரும் வழியில் பஸ்ஸில் இவர், "சம்பந்தம் குழம்பினால் என்ன செய்வாய்?" என்று கேட்டார். பிறகு அவரே, "சரி, சொல்லியாச்சு," என்றார்.

இதுவரை அங்கிருந்து ஒரு சொல்லும் இல்லை. ஏன் போனேன், என்ன நினைத்தேன் என்றெல்லாம் என்னிடம் கேட்க வேண்டாம். உங்கள் சித்திரைக் கடிதம் என் தலையணைக்குக் கீழே இருக்கிறது.

அரக்கு நிறக் கூறைக்குப் பொருத்தமாக உங்களுக்கும் ஒரு சேலை எடுத்திருக்கிறேன். வெள்ளை இல்லை.

நாகேஸ்


மெல்பேர்ண்
24.7.1976

நாகேஸ்,

வாறன்.

அக்கா


மெல்பேர்ண்
20.9.1976

என் அன்புத் தங்கைக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். கொழும்பு ரயிலில் நீ கட்டித் தந்த சோற்றுப் பார்சல் வவுனியாவிலேயே முடிந்துவிட்டது. பனங்காய்ப் பணியாரத்தை மாக்டாவுக்கென்று பத்திரமாகக் கொண்டு வந்தேன். பன்றிக்கொழுப்பு அவர்களுக்கு ஆகாது, அதனால் என்ன எண்ணெயில் பொரித்ததென்று விசாரித்தாள், நல்லெண்ணெய் என்றேன், அன்று மாலையே எல்லாம் முடிந்தது.

அங்கே வைத்து உன்னிடம் சொல்ல முடியாததை இப்போது சொல்கிறேன். நீ மேடையில் நின்று, "அக்கா, வாங்கோ," என்று கூப்பிட்டபோது நான் பின்னுக்குத் தூணோடு இருந்தேன். எனக்குக் காது கேட்டது, ஆனாலும் தூணை விடவில்லை. நீ திரும்பவும் கூப்பிட்டாய், மேளத்துக்கு மேலாக. சின்ன வயதில் கிணற்றடியில் நின்று என்னைக் கூப்பிடுவாயே, அந்தக் குரல். முன்வரிசையில் இரண்டு பெண்கள் எழுந்து வெளியே போனார்கள். நீ கண்டிருக்க மாட்டாய், நான் கண்டேன். சம்மந்தியம்மா போகவில்லை. சேலைத் தலைப்பைக் கைக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, என்னையே பார்த்தபடி இருந்தா. அது என்ன பார்வை என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

தட்டிலிருந்து அறுகையும் மஞ்சள் அரிசியையும் நுனிவிரலால் கொஞ்சம் எடுத்தேன். பிள்ளை குனிந்தபடியே, "என்ன பெரியம்மா, இவ்வளவுதானோ?" என்றாள். உனக்குக் கேட்டதோ தெரியாது. பிறகு கை நிறைய அள்ளினேன். மருமகனின் தலைப்பாகைக்குள்ளும் போய்விட்டது. பாவம், இன்னும் உதறிக்கொண்டிருப்பார்.

விடுப்பு இல்லாததால், கலியாணத்துக்கு நாலாம் நாள் செய்யும் நாலாம் சடங்குக்குக்கூட நிற்க முடியாமல் வந்துவிட்டேன். ஒன்றை மட்டும் எழுது. நான் மேடையேறியதால் பிள்ளைக்கு அந்த வீட்டில் ஒரு கசப்பும் இல்லையே? இருந்தால் மறைக்காதே.

வருகிற சனிக்கிழமை இவர்களுக்கு வருடப்பிறப்பு. மாக்டா தேனும் அப்பிளும் வாங்க நயோமியோடு கடைக்குப் போயிருக்கிறாள். இந்த முறை ஆட்களைக் கூப்பிடுவது அவளேதான். நான் மேசைவிரிப்பை அயர்ன் பண்ண வேண்டும்.

கணேசலிங்கத்துக்கு என் அன்பு.

உன் அக்கா
பாமா


கொக்குவில்
3.10.1976

என் அக்காவுக்கு,

சுகமாகச் சேர்ந்தது அறிந்து நிம்மதி. நாங்களும் சுகம். யோகாவும் மருமகனும் வவுனியாவுக்குக் குடிபோய்விட்டார்கள். வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

நீங்கள் கேட்டதற்குப் பதில். நாலாம் சடங்கு அன்று சம்மந்தி வீட்டார் காரில் வந்தார்கள். நான் பயந்துகொண்டுதான் வாசலுக்குப் போனேன். சம்மந்தியம்மா இறங்கி, உடனே உள்ளே வராமல், காருக்குள் கையை நீட்டி இன்னொரு பெண்ணை இறக்கினா. வெள்ளைச் சேலை, மெல்லிய உடம்பு. எங்கள் வயதுதான் இருக்கும். நான் அதற்குமுன் அந்த முகத்தைக் கண்டதில்லை.

"இது என்ரை தங்கச்சி இராஜேஸ்வரி. எங்கடை வீட்டிலைதான் இருக்கிறா. சிறிதரனைச் சின்னனிலை வளர்த்தது இவ. கலியாணத்துக்கு நாங்கள் கூட்டிக்கொண்டு வரேல்லை," என்றா சம்மந்தியம்மா. பிறகு, "அறுகரிசி இருக்கோ?" என்று கேட்டா.

எனக்கு முதலில் விளங்கவில்லை. மருமகனுக்கு விளங்கியது. அவர் சால்வையைச் சரிப்படுத்திக்கொண்டு விறாந்தையில் பாய் போட்டு இருந்தார். யோகா ஓடிப் போய்ப் பக்கத்தில் இருந்தாள். அரிசியும் மஞ்சளும் வீட்டில் இருந்தது. அறுகுதான் இல்லை. கலியாணத்துக்குக் கொண்டு வந்தது காய்ந்து போயிருந்தது. இவர், "நான் போய்ப் பிடுங்கிக்கொண்டு வாறன்," என்றார். நான் விடவில்லை, நானே போனேன்.

இராஜேஸ்வரி கைநிறைய வைத்துக்கொண்டு நின்றா. "முழங்காலிலை இருந்து தலைக்கோ, தலையிலை இருந்து கீழையோ? எனக்கு மறந்து போச்சு," என்று தமக்கையைப் பார்த்துக் கேட்டா. சம்மந்தியம்மா, "எப்பிடியெண்டாலும் போடு பிள்ளை," என்றா. மருமகன் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. அவருடைய தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. யோகா அவருடைய கையைப் பிடித்திருந்தாள். பிறகு எல்லோரும் சாப்பிட்டோம். இராஜேஸ்வரியைக் குசினிப் பக்கம் போக யோகா விடவில்லை. தன் பக்கத்தில் இருத்தி, தானே பரிமாறினாள்.

கசப்பு ஒன்றும் இல்லை, அக்கா.

வேலிக்கரையில் குனிந்து அந்த அறுகைப் பிடுங்கும்போதுதான் நான் அழுதேன். உங்கள் சித்திரைக் கடிதம் வந்ததிலிருந்து அதற்கு எனக்கு நேரம் கிடைக்கவில்லை. ஒருவரும் பார்க்கவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தேன்.

மாக்டா அக்காவுக்கு என் அன்பைச் சொல்லுங்கோ. மார்கழிக்கும் வாருங்கோ.

உங்கள்
நாகேஸ்